பனருக்கு முன்னால் நான் நின்ற காரணம்

தம்பி,

இதை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய், மகனே. சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ். எழுத்துக் கூட்டி, பந்திக்கு ஒருமுறை மூச்சு வாங்கித்தான் உன்னால் போக முடியும். சொல்ல வேண்டியதைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைத்தால், நீ அங்கே வந்து சேர்வதற்குள் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நடுவழியில் எனக்குத் துணிவு போய்விடும். அறுபத்தேழு வருடமாக என்னோடு இருக்கிறேன், எனக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப ஒன்றுகூடலில் கட்டிய பெரிய பதாகையில், அந்தப் பனரில், யோகன் மாமாவின் பெயர் இல்லாமல் போனது உன் பிழை அல்ல. அது என் பிழை. தெரியாமல் செய்த பிழையும் அல்ல.

வருகிற சனிக்கிழமை நீ வோபர்னுக்குப் போய், என் தங்கச்சியான சாந்தி மாமியிடம் இரண்டாம் முறையாக மன்னிப்புக் கேட்கப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். முதல்முறை போனபோது, செவ்வாய்க்கிழமை, கதவு திறக்கவில்லை என்றாய். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது என்றும் சொன்னாய். அதைக் கேட்டுக்கொண்டு நான் சாப்பாட்டு மேசையில் இருந்து வெண்டிக்காய்க் கறியில் காம்பு தேடிக்கொண்டிருந்தேன். "எப்பிடியப்பா விட்டன்? மூண்டு தரம் பார்த்தனான்" என்று நீ என்னிடமே கேட்டாய். "சில நேரம் அப்பிடித்தான்" என்று நான் சொன்னேன். அந்தப் பதிலை நினைக்கும்போதெல்லாம் எழுந்து போய் அடுப்பை அணைத்திருக்கிறேனா என்று பார்க்கிறேன். அணைத்துத்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தைத் தொடங்கியபிறகு நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்வதற்கு உன் அப்பப்பாவிடம், அதாவது என் அப்பாவிடம், போகவேண்டும். நீ அறிந்த அப்பப்பா, உன் ஹொக்கி மட்டையைத் தூக்கிப் பார்த்து "இதாலை ஆளை அடிக்கலாமோ?" என்று கேட்டவர், உன்னோடு இருந்து விளங்காத கார்ட்டூனைப் பார்த்துப் பிழையான இடத்தில் சிரித்தவர். நான் அறிந்தவருக்கு வேறொரு தொழில் இருந்தது. நீ அவருக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த அந்த டப்லெட் நினைவிருக்கிறதா? இங்கே கனடாவில், மல்வேர்னில் இந்த வீட்டில், இதே மேசையில், ஒவ்வொரு காலையும் பல்லுத் தீட்டுவதற்கு முன்பு அவர் மரண அறிவித்தல்களைத் திறப்பார். யார் இறந்தது என்று பார்ப்பதற்கு அல்ல. யாரை விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு.

நம்மவர்களின் மரண அறிவித்தலை நீ கவனித்திருக்க மாட்டாய். அது ஒரு மனிதன் எப்படி வாழ்ந்தான் என்று சொல்லாது. அவன் யாருக்கு என்னவாக இருந்தான் என்று மட்டும் சொல்லும். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும், இன்னாரின் மைத்துனரும் என்று மூச்சு விடாமல் ஒரே வசனமாகப் போய், கடைசியில் "ஆவார்" என்று முடியும். அந்த வசனத்துக்குள் இடம் கிடைத்தவர்கள் குடும்பம். கிடைக்காதவர் உடல் பார்வைக்கு வைத்த இடத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். அப்பப்பா அந்த வசனத்தை ஒரு வைத்தியர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"இஞ்சை பார். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், ஒரு மருமோன்தான் போட்டிருக்கு. மற்றவர் எங்கை?"

"அவர் முந்தியே காலமாகியிருப்பார், அப்பா."

"காலமானால் காலஞ்சென்ற எண்டு போட்டிட்டுப் பேரைப் போடுவினம். இது காலமில்லை. கோவம்."

மத்தியானத்துக்குள் இரண்டு மூன்று பேருக்குப் போன் எடுத்து அந்தக் கோபத்தின் ஊர், வயது, காரணம் எல்லாவற்றையும் உறுதிசெய்துவிடுவார். ஒருநாள், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியைக் கழற்றாமலே என்னைப் பார்த்துச் சொன்னார்: "என்ரை அறிவித்தலை நீதான் எழுதப்போறாய். ஒருத்தரையும் விடாதை. விட்டால் சனம் கண்டுபிடிச்சுப்போடும்." பாசத்தினால் சொல்லவில்லை. தன்னைப்போல ஒரு கிழவன் ஏதோ ஒரு மேசையில் இருந்து தன்னுடைய அறிவித்தலைத் துருவப்போகிறான் என்ற தொழில்முறைக் கவலையில் சொன்னார். குடும்பத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன் நான். சரி என்றேன்.

இனி யோகன் மாமா. சாந்தி மாமி அவரைத் திருமணம் செய்தபோது உனக்கு மூன்று வயது. இரண்டு பேரும் ஒரு பாக்டரியில் வேலை செய்தபோது பழக்கம். அப்பப்பா அப்போது இன்னும் ஊரில் இருந்தார். அவர் போனில் சொன்னதும், லண்டனில் இருந்து அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, சொன்னதும் ஒரே வசனம்: "எங்கடை ஆக்கள் இல்லை." நம் குடும்பம் நாகரிகமான குடும்பம். சாதி என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் உச்சரித்ததை நான் கேட்டதே இல்லை. அதனால் உனக்கும் அப்படி ஒன்று இருப்பதாகத் தெரியாமல் வளர முடிந்தது. அதை என்னுடைய முற்போக்கு என்று பலகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அந்தக் கலியாணத்துக்குப் போனேன். அதிலும் எனக்குப் பெருமை இருந்தது. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் நின்று, தாலி கட்டியதும், பந்தி தொடங்குவதற்கு முன் வெளியே வந்துவிட்டேன். அப்பாவிடம் "போனனான், ஆனால் சாப்பிடேல்லை" என்று சொல்லலாம் அல்லவா? அதையே சொன்னேன். சாந்தி அதை என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கென்று ஒதுக்கிய சாப்பாட்டை ஒரு பெட்டியில் போட்டு அடுத்தநாள் கொண்டுவந்து தந்தாள்.

பிறகு அப்பப்பா கனடாவுக்கு வந்தார். வந்து பல வருடம் சாந்தியின் வீட்டுக்குப் போகவில்லை. மருமகனின் முகத்தைப் பார்த்ததில்லை. கலியாணப் படத்தை அனுப்பியபோதும் பாதியைத்தான் பார்த்ததாகச் சொன்னார். யோகன் மாமா அப்போது பஸ் ஓட்டினார் என்பது உனக்குத் தெரியும். நம் வீட்டுப் பக்கமாகப் போகும் பாதையை அவருக்குக் கொடுத்தது தற்செயல். அப்பப்பா குளிர்காலத்திலும் கறுப்பு ஜக்கெட் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் செத்தவீடுகளுக்குப் போவார், அறிவித்தலில் கண்டுபிடித்ததை நேரில் சரிபார்க்க. யோகன் மாமா அவரை முதல்நாளே அடையாளம் கண்டுவிட்டார். ஆனால் சொல்லவில்லை. கிழவன் இருக்கையில் அமர்ந்து கம்பியைப் பிடிக்கும்வரை பஸ்ஸை எடுக்காமல் நிற்பார், அவ்வளவுதான். இப்படிச் சில கிழமை போனது. ஒருநாள் அப்பப்பா முன் இருக்கையில் இருந்துகொண்டு, நம்மவர்கள் தமிழ் முகம் கண்டால் கேட்கும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"தம்பி தமிழோ? எந்த ஊர்?"

ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள், பக்கத்தைச் சொன்னால் யாருடைய மகன் என்பார்கள், மூன்றாவது பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். யோகன் மாமா இந்தப் பரீட்சையை எத்தனையோ தரம் எழுதியவர். அன்றைக்குச் சிவப்பு விளக்கில் பஸ் நின்றது. திரும்பிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்:

"உங்கடை மருமோன், ஐயா."

அப்பப்பா நான்கு பஸ் ஸ்ரொப் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதிலை இறக்கிவிடும்" என்றார். இறங்கவேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு ஸ்ரொப் இருந்தது. பனியில் நடந்து போனார். இந்தக் கதையை இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆகவே நம்பலாம். அடுத்த கிழமை ஒரு செத்தவீடு வந்தது. அப்பப்பா ஸ்ரொப்பில் நின்றார். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. மூன்றாவதில் யோகன் மாமா வந்தார். அப்பப்பா ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வணக்கமும் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தார்.

"இண்டைக்கு ரெண்டு செத்தவீடு. பின்னேரம் ஒண்டு மார்க்கம் ரவுணிலை. உமக்கு எத்தினை மணிக்கு வேலை முடியும்?"

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவரைச் செத்தவீடுகளுக்குக் கொண்டுபோனது யோகன் மாமாவின் கார்தான். எனக்கு நேரமில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு நேரம் இருந்தது. செத்தவீடு எனக்குப் பயம், அவ்வளவுதான். தொடக்கத்தில் யோகன் மாமா கார் தரிப்பிடத்தில் காத்திருப்பார். பிறகு ஒருநாள் நானும் போகவேண்டி வந்த ஒரு செத்தவீட்டில், வரிசையில் எனக்கு முன்னால் அப்பப்பா யாரோ ஒருவருக்கு "இவர் என்ரை மருமோன்" என்று அறிமுகம் செய்துவைத்ததை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். கிழவனுடைய கை யோகன் மாமாவின் தோளில் இருந்தது. நான் பார்த்தேன். கேட்கவில்லை, பார்க்கவில்லை என்று சொல்வதற்கு எனக்கு இடமில்லை என்பதற்காக இதை எழுதுகிறேன். லண்டனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டியவன் நான். ஆறுதலாகச் சொல்லலாம் என்று விட்டுவைத்தேன்.

அப்பப்பா ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் காலமானார். மத்தியானத்துக்குள் அறிவித்தல் போகவேண்டும். நான் இதே மேசையில் இருந்து எழுதினேன். எல்லோரையும் போட்டேன். மாமனார் என்ற இடத்தில் உன் அம்மாவின் பெயர், அதற்குப் பக்கத்தில் யோகன் மாமாவின் முழுப்பெயர், யோகராசா. அனுப்புவதற்கு முன் லண்டன் சித்தப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். ஏன் வாசித்தேன் என்று ஒன்பது வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசிக்கவேண்டிய அவசியமே இல்லை.

"உவன்ரை பேர் ஏன்?" என்றார்.

"அவர் அப்பாவோடை நல்ல நெருக்கம், சித்தப்பா. நான் பிறகு விளங்கப்படுத்திறன்."

"நீ ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உவன்ரை பேர் வந்தால் நான் பிளேன் ஏறமாட்டன். இஞ்சை இருக்கிற ஒருத்தரும் ஏறமாட்டினம். செத்தவீட்டுக்கு ஆக்களில்லாமல் உன்ரை அப்பாவை அனுப்பு."

நம் சமூகத்தில் ஒருவரை ஒருவர் அடக்கிவைப்பதற்குச் சட்டமோ பொலிசோ தேவைப்பட்டதில்லை. "வரமாட்டன்" என்ற ஒரு சொல் போதும். அதைக் கேட்டவுடன் என் கண்ணுக்கு முன்னால் வெறுங் கதிரைகள் வந்தன. செத்தவீடுகளை எண்ணிப் பார்த்தே வாழ்ந்த மனிதனுடைய செத்தவீட்டில் வெறுங் கதிரைகள். அந்தப் பெயரை அழித்தேன். ஒரு கமாவையும் சேர்த்து அழித்தேன், வசனம் நன்றாகவே வந்தது. சாந்தியின் பெயர் இருந்தது, அவளுடைய மகளின் பெயர் பேரப்பிள்ளைகளில் இருந்தது. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. நீ கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: சித்தப்பா வரவில்லை. மூட்டுவலி என்றார். லண்டனிலிருந்து ஒருவரும் வரவில்லை. கதிரை எல்லாம் நிரம்பித்தான் இருந்தது. ரொறன்ரோவில் உள்ள செத்தவீட்டுக் கிழவர்கள் அத்தனைபேரும் வந்திருந்தார்கள். பாதிப்பேர் நேரே யோகன் மாமாவிடம் போய்க் கையைப் பிடித்தார்கள்.

அன்று கார் தரிப்பிடத்தில் சாந்தி என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னாள். அழவில்லை. "அண்ணை, அப்பா இருந்திருந்தால் காலமை வாசிச்ச உடனை கண்டுபிடிச்சிருப்பார்" என்றாள். அதற்குப் பிறகு அவள் நம் வீட்டுக்கு வரவில்லை. முப்பத்தோராம் நாள் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை, கல்வெட்டு என்று நாம் சொல்வதை, நான்தான் எழுதினேன். திருத்துவதற்கு அதில் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. ஆனால் இரண்டாம் முறை சேர்த்தால் முதல்முறை வேண்டுமென்றே விட்டது தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். பயந்தவனின் மூளை நன்றாக வேலை செய்யும், தம்பி, அதை ஒருநாளும் குறைத்து எடைபோடாதே. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவதையும் அச்சடித்து, நல்ல தாளில், நிறப்படத்தோடு எல்லோருக்கும் கையில் கொடுத்தேன்.

ஒன்பது வருடம் கழித்து நீ இந்த ஒன்றுகூடலைச் செய்யப் புறப்பட்டாய். யூனியன்விலில் புதுவீட்டுக்குப் போனவுடன் உனக்கு இந்த ஆசை வந்தது. எல்லோரையும் ஒரு பார்க்கில் கூட்டி, அப்பப்பாவை நினைத்து, பிள்ளைகளுக்கு ஓட்டம் வைக்கவேண்டும் என்றாய். நீயே வோபர்னுக்குப் போய், சாந்தி மாமியின் குசினியில் மூன்று மணித்தியாலம் இருந்து, அவளைச் சம்மதிக்கவைத்தாய். என்னால் ஒன்பது வருடத்தில் முடியாததை நீ ஒரு பின்னேரத்தில் செய்துவிட்டு வந்து, "மாமி வாறா அப்பா, மாமாவும் வாறார்" என்றாய். நான் எழுந்து போய் உனக்குத் தேத்தண்ணி போட்டேன். அது சந்தோஷம் என்று நீ நினைத்தாய். பாதி அதுதான்.

பிறகு நீ அந்தக் குடும்ப மரத்தைச் செய்தாய். பெயர்களைக் கல்வெட்டிலிருந்து எடுத்தாய். அதைவிட நம்பகமான ஆவணம் உனக்கு எங்கே கிடைக்கும்? அச்சுக்குப் போவதற்கு முதல்நாள் எனக்கு அனுப்பி, "அப்பா, நல்லா செக் பண்ணுங்கோ, நாளைக்குப் பிரின்ட்" என்று எழுதினாய். நான் பார்த்தேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்தின் வலதுபக்கக் கிளையில் சாந்தியின் பெயர் ஒரு பெட்டிக்குள் இருந்தது. மற்ற எல்லாப் பெட்டிக்கும் பக்கத்தில் இன்னொரு பெட்டி ஒட்டியிருந்தது, அவளுடையதற்கு இல்லை. உனக்கு எழுத ஒரு சொல் போதும். ஆனால் அந்த நேரம் நிலக்கீழ் அறையில் லண்டன் சித்தப்பா வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தார், மூட்டுக்கு இப்போது நல்ல மருந்து இருக்கிறதாம். அந்தக் கொப்பளிப்புச் சத்தம் முடியும்வரை காத்திருந்து, உனக்கு ஒரு பெருவிரலை உயர்த்திய படத்தை அனுப்பினேன். சாந்தி கவனிக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் யாருடைய மகள் என்பதை அந்த நிமிடம் மறந்துவிட்டேன்.

போனில் உள்ளங்கையளவு இருந்த மரம் பார்க்கில் இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவில் பன்னிரண்டு அடியாக விரிந்தபோது அந்த இடைவெளியும் கூடவே விரிந்தது. உடனே போய் அந்த வலதுபக்கக் கிளைக்கு முன்னால் நின்றேன். காலை பத்துமணியிலிருந்து ஒருமணிவரை நின்றேன். அப்பாவுக்குப் பனரில் அவ்வளவு பெருமை என்று நீ யாருக்கோ சொன்னது என் காதில் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் ஓட்டத்துக்குப் போனார்கள், நான் நின்றேன். றோல்ஸ் வந்தது, நின்றபடி சாப்பிட்டேன். "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்கோ, போட்டோ" என்றார்கள், நானும் போட்டோவுக்கு நின்றேன். அன்றைய எல்லாப் படத்திலும் நான் இருக்கிறேன், பார்த்திருப்பாய், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். உன் அம்மா நிழலில் இருந்து கத்தினாள்: "என்னப்பா, உதிலை என்ன காவலே? வெயில் மண்டையைப் பிளக்குது, இஞ்சாலை வந்து இருங்கோவன்!" சித்தப்பா வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே வாசித்தார். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "பெடியன் வடிவாய்ச் செய்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேவையானதைப் பார்த்துவிட்டார்.

யோகன் மாமா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் பெட்டியை வைத்துவிட்டு நேரே வந்தார். "அண்ணை, என்ன வெயிலுக்கை நிக்கிறியள்?" என்று ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தார். நான் "சும்மா" என்றேன். அவர் போய் ஒரு மடிக்கும் கதிரையைக் கொண்டுவந்து, பனருக்கு முன்னால், நான் நின்ற அதே இடத்தில் விரித்துவைத்தார்.

"இருங்கோ அண்ணை."

"இல்லை, நிக்கிறன்."

"காலுக்குக் கூடாது. இருங்கோ."

நான் இருந்தால் என் தலைக்கு மேலே அந்த இடைவெளி தெரியும். அந்த மனிதன் எனக்குக் கொண்டுவந்த கதிரையில், அவர் பெயர் இல்லாத இடத்தை மறைப்பதற்காக, நான் இருக்க மறுத்துக்கொண்டிருந்தேன். அப்போது சாந்தி வந்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு என் தங்கச்சி என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "தள்ளுங்கோ."

தள்ளினேன். அவள் மேலிருந்து கீழே வாசிக்கவில்லை. நேரே அந்த இடத்தைப் பார்த்தாள். அப்பா டப்லெட்டைப் பார்ப்பதுபோலத் தலையைக் கொஞ்சம் சரித்துப் பார்த்தாள். பிறகுதான் நீ ஓடிவந்தாய், வியர்வையோடு, விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. "ஓ மை கோட், மாமி, சொறி! என்ரை மிஸ்டேக். நான்தான் விட்டிட்டன். மாமா, ரியலி சொறி, இப்பவே மார்க்கர் கொண்டுவாறன்." என் வாய் திறந்துதான் இருந்தது, தம்பி. சொல்வதற்கு அது போதுமான அளவு திறந்திருந்தது. பத்தடி தள்ளிச் சித்தப்பா சோளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாந்தி உனக்குப் பதில் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "உனக்கு எப்பிடித் தெரியும், அப்பன்? உனக்குத் தந்ததைத்தானே நீ எழுதினாய்." நான் போத்தலில் இருந்த தண்ணீரைக் குடித்தேன். யோகன் மாமா நீ ஓடிப்போய்க் கொண்டுவந்த மார்க்கரை வாங்கி மூடியைப் பூட்டினார். "வேண்டாம் தம்பி, பனர் வடிவு கெட்டுப்போம்" என்றார். கயிறிழுத்தலுக்கு உன் பக்கம் நின்று இழுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன் இரண்டு பேரும் புறப்பட்டார்கள். "எனக்கு டியூட்டி இருக்கு" என்றார் யோகன் மாமா. அவர் ஓய்வுபெற்று இரண்டு வருடம். சாப்பாட்டுக்கு முன் எப்படிப் போவது என்பதை அவர்கள் என்னிடம்தான் கற்றிருக்கவேண்டும்.

இப்போது மன்னிப்பு என்று நீ கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாய். அவள் திறக்காதது உன்மேல் கோபத்தில் அல்ல. செய்யாத பிழைக்கு நீ கேட்கும் மன்னிப்பை அவளால் ஏற்கவும் முடியாது, "உன்ரை அப்பரைக் கேள்" என்று உன்னிடம் சொல்லவும் முடியாது. இன்னும் கொஞ்சநாள் போனால் நீயும் களைத்துப்போவாய். பிறகு அந்தக் கதவு ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும், இந்தமுறை உன் பெயரில். என் பயம் இதுதான். என் இரத்த அழுத்தம், படிக்கட்டு, வரப்போகிற குளிர்காலம் எல்லாவற்றையும்விட எனக்கு இப்போது பயம் இதுதான்: நான் வைத்த பிழையை நீ உன்னுடையது என்று நம்பிக்கொண்டு வாழ்வாய். என் தகப்பன் எனக்குப் பழைய கோபங்களைத் தந்தார் என்று நான் குறைப்பட்டிருக்கிறேன். அவராவது நான்கு ஸ்ரொப்பும் ஒரு கிழமையும் எடுத்து அதைக் கழற்றிவைத்தார். பின்னால் போய் எடுத்துவந்து போட்டுக்கொண்டவன் நான்.

ஆகவே சனிக்கிழமை போவது நான். நீ காரை ஓட்டினால் போதும். உள்ளே வராதே, கார் தரிப்பிடத்தில் இரு. கதவு திறக்காவிட்டால் நான் கதவுக்கு வெளியே நிற்பேன், நிற்பதில் எனக்கு இப்போது பழக்கம் இருக்கிறது. உனக்குப் புத்திமதி என்று ஒன்று சொல்லவேண்டுமென்றால் இவ்வளவுதான்: எழுதி முடித்ததை யாருக்கும் போனில் வாசித்துக் காட்டாதே. என்னுடைய அறிவித்தலை நீதான் எழுதப்போகிறாய், எழுத்துப் பிழை வந்தால் வரட்டும்.

அந்தப் பெயரை நான் அழித்தது எல்லோரும் பார்க்கும் இடத்தில். ஆகவே இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பவில்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். நீ இரண்டாவது பந்தியில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போது லண்டனும் பாரிசும் வாசித்து முடித்திருக்கும். திரும்ப வாசித்துப் பார்க்கவில்லை, அதனால் கமாக்கள் சில இடம் மாறியிருக்கலாம். சற்று முன் சித்தப்பா தேத்தண்ணிக்கு மேலே வந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குப் பிளேன், அதுவரை நாங்கள் இரண்டு பேரும் இந்த ஒரே குசினியில் சமாளிக்கவேண்டும்.

"காலமை துடக்கம் என்னடா எழுதிறாய்?"

"மரண அறிவித்தல், சித்தப்பா."

"ஐயோ, ஆர் செத்தது?"

"அப்பா."

கோப்பையைக் கீழே வைத்தார். "உனக்கென்ன தலை சுத்துதே? அண்ணர் செத்து ஒம்பது வரியமெல்லோ."

"ஓம். ஒரு பேர் விட்டுப்போச்சு. திருத்திப் போடுறன்."

சித்தப்பா விரலை உயர்த்தினார். "போட்டால் நான்..." என்று தொடங்கினார். பிறகு தான் ஏற்கெனவே வந்து, நம் வீட்டு நிலக்கீழ் அறையில் இருப்பது அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். அவருடைய போனும் கீழேதான் இருக்கிறது.

திருத்திய அறிவித்தல்:

அன்னார், எனதும் சாந்தியினதும் தந்தையும், உன் அம்மாவினதும் யோகராசாவினதும் பாசமிகு மாமனாரும், அந்த மருமகனின் பஸ்ஸில் ஏறுவதற்காகப் பனியில் இரண்டு பஸ்களை விட்டுக் காத்துநின்றவரும் ஆவார். இதை ஏற்றுக்கொள்ளாதவர்கள் வழமைபோல வராமல் விடலாம்.

அப்பா